பேய் படலைக்கு வெளியில நிக்கட்டும்

பேய்ப்படம் பாக்கப் போய் வயிறு நோகச் சிரிச்சுக்கொண்டு வாறது இப்ப வழமையாப் போச்சு. 2007இல ‘முனி’, 2011இல ‘காஞ்சனா’, 2014இல ‘யாமிருக்க பயமே’யும் ‘அரண்மனை’யும், 2016இல ‘தில்லுக்கு துட்டு’, 2023இல ‘டிடி ரிட்டர்ன்ஸ்’ எண்டு வரிசை நீளுது. எல்லாத்திலயும் ஒரு பெரிய பங்களா இருக்கும். அதுக்குள்ள நாலைஞ்சு பயந்தாங்கொள்ளியள் போவினம், ஒரு கதவு தானா மூடும், இடைவேளைக்குப் பிறகு பேய்க்கு ஒரு பிளாஷ்பேக் வரும். நானும் இதுகளைக் கைதட்டிப் பாத்த ஆள்தான், ஒளிக்கேல்ல. ‘தில்லுக்கு துட்டு’வில கூலிக்கு வேசம் போட்ட பேயும் உண்மையான பேயும் ஒரே வீட்டுக்குள்ள முட்டுப்படுற இடத்தை இப்ப நினைச்சாலும் சிரிப்பு வரும்.

ஆனா படம் முடிஞ்சு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரேக்க ஒரு எரிச்சலும் கூட வரும். அவங்கள் செட் போட்டுக் கட்டுற பாழடைஞ்ச வீடு எங்கட உடுப்பிட்டியில ஒழுங்கைக்கு ஒண்டு சும்மா கிடக்கு. ஓடு கழண்டு, யன்னல் நிலை பிடுங்கி, விறாந்தைத் தூணுக்கு மேலால ஆலங்கன்று முளைச்சு நிக்குது. சில வீட்டுக்காரர் 1987 வடமராட்சி நடவடிக்கையோட போனவை, சிலர் தொண்ணூறுகளில, சிலர் இப்ப நாலு வருசத்துக்கு முதல். எங்கட தலைமுறைக்கு அந்த வீடுகள் எல்லாத்துக்கும் ஒரே பேர்தான்: பேய் வீடு. இவ்வளவு பேய் வீட்டை வைச்சுக்கொண்டு எங்களிட்டை ஏன் ஒரு நல்ல பேய் வீட்டுக் கதை இல்லை? அதுவும் நான் கேக்கிறது அழுகைக் கதை இல்லை. விஞ்ஞானமும் பகிடியும் கலந்த ஒரு சாகசக் கதை, முடிஞ்சா சித்திரக்கதை.

உந்த வகையைத் தமிழில ஆரும் தொடேல்ல எண்டு சொல்லேலாது. எண்பதுகளின்ர தொடக்கத்தில சுஜாதா குமுதத்தில எழுதின ‘கொலையுதிர் காலம்’ இருக்கு. (அதே பேரில 2019இல வந்த நயன்தாரா படத்துக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.) ஒரு சொத்து விசயமாப் போற கணேஷும் வசந்தும் ஆவி உலாவுற வீட்டில மாட்டுப்படுகினம். கணேஷ் எல்லாத்துக்கும் விஞ்ஞான விளக்கம் தேடுறான், வசந்த் பயந்துகொண்டே பகிடி விடுறான். பேய்க்குப் பின்னால ஹோலோகிராம் வருது. ஆனாலும் முழுசா முடிச்சை அவிட்டு விடாமல் வாசிக்கிற எங்களுக்கும் கொஞ்சம் சந்தேகத்தை மிச்சம் வைச்சிட்டுப் போறார். பிறகு விகடனில வந்த ‘என் இனிய இயந்திரா’விலயும் அதே ஹோலோகிராம்தான், அங்க அது நாட்டையே ஆளுது. அந்தக் கதையின்ர இயந்திர நாய் ஜீனோ மாதிரி ஒரு நாய் எங்கட ஒழுங்கையில நிண்டா எவ்வளவு நல்லாயிருக்கும் எண்டு நான் சின்னனில ஏங்கினது உண்மை.

ஆனா ஒண்டு. ஹோலோகிராம் அப்பிடி வேலை செய்யாது. டெனிஸ் கேபர் நாற்பதுகளின்ர கடைசியில கண்டுபிடிச்சு 1971இல நோபல் பரிசு வாங்கின விசயம் அது. அதுக்கு ஒளி பதிஞ்ச தகடோ பிலிமோ வேணும், வெறும் காத்தில ஒரு உருவத்தை எழுப்பி நடக்க விடேலாது. அதைவிடப் பழைய, மலிவான வித்தை ஒண்டு இருக்கு. 1862இல லண்டனில ஜோன் பெப்பர் எண்டவர் மேடையில காட்டினது. இருட்டான இடத்தில ஒரு பெரிய கண்ணாடியைச் சரிவா நிப்பாட்டி, சனத்துக்குத் தெரியாத பக்கத்தில ஒரு ஆளை வெளிச்சத்தில நிக்க விட்டா, கண்ணாடியில தெறிக்கிற பிம்பம் மேடையில பேய் மாதிரி நிக்கும். விளக்கை அணைச்சாப் பேய் மறைஞ்சிடும். எங்கட பேய் வீட்டில ஒரு யன்னல் கண்ணாடியும் ஒரு ரோச் லைற்றும் கிடைச்சாக் காணும், சுஜாதாவின்ர பேயை விட நல்ல பேய் ஒண்டை நாங்களே செய்யலாம்.

சித்திரக்கதைப் பக்கம் பாத்தா மாமாவின்ர பெட்டிக்குள்ள இரும்புக்கை மாயாவி இருக்கிறார். 1972இல சிவகாசியில தொடங்கின முத்து காமிக்ஸின்ர முதல் நாயகன் அவர்தான். ஆள் அசல் பிரிட்டிஷ்காரன். 1962இல ‘வேலியண்ட்’ இதழில வந்த லூயிஸ் கிராண்டல், ஆய்வுகூட விபத்தில ஒரு கையை இழந்து இரும்புக்கை பூட்டினவர். கரண்ட் அடிச்சா உடம்பு மறைஞ்சு இரும்புக்கை மட்டும் அந்தரத்தில தெரியும். பேய்க்கதையையும் விஞ்ஞானக்கதையையும் ஒரே கையில பிடிச்ச ஆள் அவர்! மாமா சொல்லுவார், கரண்டே இல்லாத யாழ்ப்பாணத்தில இருந்து கரண்டைத் தொட்டு மறையிற ஆளின்ர கதையை வாசிக்கிறதுதான் பெரிய பகிடி எண்டு.

அந்தக் கரண்ட் இல்லாத காலத்தைத்தான் நான் சொல்ல வாறன். 1990இல போன மின்சாரம் திரும்பி வர வருசக்கணக்காச்சு. பற்றரிக்குத் தடை, பெற்றோலுக்குத் தடை. சனம் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில றேடியோ கேட்டது. ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சைப் போட்டு, சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, சின்னத் திரியில வெளிச்சம் எடுத்துப் படிச்சது. மோட்டார் சைக்கிளை ரெண்டு சொட்டுப் பெற்றோலில உதைஞ்சு மண்ணெண்ணெயில ஓட்டினது. வேற நாடெண்டா இதை வைச்சு எத்தினை கதை எழுதியிருப்பினம். நாங்கள் உதுகளை ‘கஷ்டப்பட்ட காலம்’ எண்டு ஒரே ஒரு தலைப்புக்குள்ள போட்டு மூடி வைச்சிட்டம். கஷ்டம்தான், ஆனா அதுக்குள்ள மூளையும் இருந்தது, குறும்பும் இருந்தது. றேடியோவில நாடகம் போகேக்க ஆர் பெடல் சுத்துறது எண்டு அண்ணன் தம்பி அடிபட்ட கதை எத்தினை வீட்டில இருக்கு.

பேயைப் பற்றியும் எங்களுக்கு ஆரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஸ்கூபி டூ 1969இல இருந்து ஒரே கதையைத்தான் சொல்லுது: பேயின்ர முகமூடியைக் கழட்டினா உள்ளுக்கு ஒரு பேராசைக்காரன் இருப்பான். எங்கட வெறும் வீடுகளையும் அப்பிடிப் பாருங்கோ. ஒரு வீட்டில பேய் எண்டு கதை பரவினா ஆருக்கு லாபம்? இரவில கதவும் நிலையும் கழட்டுறவனுக்கு லாபம். உள்ளுக்கிருந்து குடிக்கிறவனுக்கு லாபம். காணியை அடிமாட்டு விலைக்குக் கேக்கிறவனுக்கு இன்னும் லாபம். பேய்க்கு மட்டும் ஒரு சதமும் இல்லை.

ஆனா எல்லா முகமூடியும் கழண்டதும் இல்லை. 2011 ஓகஸ்ட்டில நாடு முழுக்கக் கிறீஸ் பூதம் எண்டு சனம் நித்திரையில்லாமல் கிடந்தது. நாவாந்துறையில மர்ம மனிதர்களைத் துரத்திப் போன சனம் இராணுவத்தோட முரண்பட்டு, அண்டு இரவு வீடு வீடா அடிவாங்கி, நூறு பேருக்கு மேல கைதானது. அப்ப நான் பள்ளிக்கூடச் சின்னன். ராவில மூத்திரத்துக்குப் போறதெண்டாலும் அம்மாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதான். அந்தப் பூதம் ஆரெண்டு இண்டைக்கும் எங்களுக்கு ஆரும் சொல்லேல்ல. ஸ்கூபி டூவுக்கு இருபது நிமிசத்தில கிடைக்கிற பதில் எங்களுக்கு இவ்வளவு வருசமாக் கிடைக்கேல்ல.

இதைத்தான் எதிர்க்கருத்தாவும் சிலர் சொல்லுகினம். ‘இவ்வளவு நடந்த மண்ணில பேய்ப் பகிடியோ? செத்தவையையும் காணாமல் போனவையையும் வைச்சுச் சிரிக்கப் போறியளோ?’ நியாயமான கேள்விதான், தட்டிக் கழிக்க மாட்டன். 2017 மாசியில இருந்து கிளிநொச்சியில தாய்மார் தெருவோரம் இருந்த நாட்டில நாங்கள் இருக்கிறம். ஆனாலும் ஷெஹான் கருணாதிலகவின்ர ‘மாலி அல்மேதாவின் ஏழு நிலவுகள்’ எனக்கு வேற மாதிரி யோசிக்கக் காட்டினது. 1990 கொழும்பு, செத்துப்போன ஒரு போர்ப் படப்பிடிப்பாளன், தன்னை ஆர் கொன்றது எண்டு தேட அவனுக்கு ஏழு நிலவு அவகாசம். ஆவிகளின்ர அலுவலகத்தில வரிசையில நிக்கிற இடம் வாசிக்க எங்கட கச்சேரியில நிண்ட மாதிரியே இருக்கும். 2022இல புக்கர் கிடைச்சது அதுக்கு. சிரிச்சுச் சிரிச்சு வாசிச்சிட்டுக் கடைசியில நெஞ்சு கனத்தது. அந்தப் பகிடி செத்தவனைப் பற்றினது இல்லை, கொன்றவனைப் பற்றினது. அந்த வித்தியாசம் விளங்கினா எழுதலாம் எண்டுதான் நான் நினைக்கிறன். எங்கட பக்கத்துப் போரைச் சித்திரமாக் கீறின ‘வன்னி’ 2019இல வந்தது, பெஞ்சமின் டிக்ஸும் லின்ட்சே பொலொக்கும் செய்தது. தேவையான புத்தகம். ஆனா பதினொரு வயசுப் பிள்ளை விரும்பி எடுத்து வாசிக்க இன்னொண்டும் தேவை.

அதால நாங்கள் மூண்டு பேர் சேர்ந்து ஒண்டு கீறத் தொடங்கினம். கதை இதுதான்: உடுப்பிட்டியில ஒரு வெறும் வீடு. ராவில நீல வெளிச்சமும் முணுமுணுப்பும். ரெண்டு பெட்டையளும் ஒரு தம்பியும் உள்ளுக்குப் போகினம். தம்பி வாழ்க்கையில ஒரு நாளும் பயந்தது இல்லை எண்டு ஒவ்வொரு பக்கத்திலயும் சொல்லுறவன். உள்ளுக்கு இருக்கிறது ஒரு பௌதிகவியல் வாத்தியார் 1992இல சைக்கிள் டைனமோவில செய்த றேடியோ. அது இப்ப அலைவரிசை பிடிக்கிறேல்ல, அந்த வீட்டுச் சுவர் உறிஞ்சி வைச்சிருக்கிற பழைய குரல்களைப் பிடிக்குது. (இதுக்கு விஞ்ஞான ஆதாரம் கேக்காதேங்கோ, இரும்புக்கை மாயாவிட்டை ஆரும் கேட்டவையோ?) வாற குரல் எல்லாம் ‘மண்ணெண்ணெய் முடிஞ்சுது’, ‘இப்ப உன்ர முறை, சுத்து’ எண்ட மாதிரிச் சின்னச் சின்ன வீட்டுக் கதையள். கடைசியில காணித் தரகர் ஒருவர் போன கிழமை அந்த விறாந்தையில நிண்டு ‘பேய் எண்டு பரப்பி விடு’ எண்டு சொன்னதும் அதே றேடியோவில வந்திடும்.

பென்சில் பிரதியை அம்மம்மாட்டைக் காட்டினன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசிச்சா. பெடல் சண்டைக்குச் சிரிச்சா. பிறகு கேட்டா, ‘உந்தப் பெட்டி எல்லாற்ற குரலையும் பிடிக்குமெண்டா, பக்கத்து வளவுக்காரி வந்து தன்ர மோன்ர குரலைக் கேக்கத் தாங்கோ எண்டா என்ன செய்வியள்?’ நாங்கள் அதை யோசிச்சிருக்கேல்ல. ரெண்டு கிழமை ஆரும் பென்சில் தொடேல்ல. இப்ப அந்தத் தாய் கதைக்குள்ள வாறா. றேடியோவுக்குப் பக்கத்தில வந்து இருக்கிறா, தம்பி வாய் திறக்காமல் விடிய விடிய அவவுக்காகப் பெடல் சுத்துறான். குரல் வந்ததோ இல்லையோ எண்டதை நாங்கள் கீறேல்ல.

மற்றப் பிரச்சினை வீட்டுக்காரர். நாங்கள் கீறினது எங்கட ஒழுங்கையில இருக்கிற உண்மையான வீடு, தூணையும் கிணத்தையும் பாத்தா ஊரில எல்லாருக்கும் தெரியும். கேக்காமல் போடுறது சரியில்லை எண்டு கனடாவில இருக்கிற அந்த அன்ரிக்கு வட்ஸ்அப்பில படங்களை அனுப்பினம். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. அடுத்த நாள் விடிய நாலு நிமிசக் குரல்பதிவு வந்தது. கிணத்தடி நெல்லிமரம் இன்னும் நிக்குதோ எண்டு கேட்டா, விறாந்தையில எத்தினை தூண் எண்டு எங்களைத் திருத்தினா, படம் வடிவாயிருக்கு எண்டா. பிறகு குரலைத் தாழ்த்தி, ‘பிள்ளையள், வீட்டைக் கீறுங்கோ, ஆனா பேயை மட்டும் வீட்டுக்குள்ள விட்டிடாதேங்கோ, காணி பிறகு விலைபோகாது’ எண்டா.

ஏழாம் பக்கத்தை அழிச்சுத் திரும்பக் கீறியிருக்கிறம். பேய் இப்ப படலைக்கு வெளியில நிக்குது.