பிரிவு 17-இன் தேய்வு

பொதுச் சேவைகளைச் சந்தையின் விதிகளுக்கு உட்படுத்துவது, வறுமையைத் தனிமனிதரின் குறைபாடாகக் கருதுவது, சேவையின் பயனை எண்ணக்கூடிய இலக்குகளால் மட்டுமே அளப்பது ஆகிய மூன்றும் கூடிய ஆட்சிமுறை நவதாராளவாதம் எனப்படுகிறது. அது அரசைச் சுருக்கிவிடுகிறது என்ற வழக்கமான விளக்கம், இங்கிலாந்தின் குழந்தை, குடும்பச் சமூகப்பணியைப் பொறுத்தவரை பாதி உண்மையே. அங்கே சுருங்கியது குடும்பத்துக்குக் கைகொடுத்த அரசு; குடும்பத்தை விசாரித்துக் குழந்தையைப் பிரித்தெடுக்கும் அரசோ கடந்த பதினைந்து ஆண்டுகளில் பெருத்தே வந்திருக்கிறது.

1968-இல் வெளியான சீபோம் குழுவின் அறிக்கை, தொல்லைக்குள்ளான குடும்பம் பல அலுவலகங்களுக்கு அலையாமல் உள்ளாட்சி மன்றத்தின் ஒரே துறையை நாடினால் போதும் என்ற நிலை வேண்டுமென்றது. 1970-இன் சட்டம் அதற்கு வடிவம் தந்தது. 1989-இன் குழந்தைகள் சட்டம் அந்த மரபின் சாரத்தைத் தன் 17-ஆம் பிரிவில் வைத்தது. தேவையிலுள்ள குழந்தைக்கு உதவி வழங்குவதும், அக்குழந்தை இயன்றவரை தன் குடும்பத்திலேயே வளரத் துணைநிற்பதும் மன்றத்தின் கடமை என்கிறது அப்பிரிவு. அதற்காகப் பணமாகவே கொடுக்கவும் அது இடம்தருகிறது. அதே சட்டத்தின் 47-ஆம் பிரிவு தீங்குக்கு உள்ளாவதாக ஐயுறப்படும் குழந்தையைப் பற்றி விசாரிக்கும் கடமையையும், 31-ஆம் பிரிவு நீதிமன்ற ஆணையால் குழந்தையை மன்றத்தின் பராமரிப்புக்கு மாற்றும் வழியையும் வகுக்கின்றன. ஆனால் 17-ஆம் பிரிவு பொதுப்படையான கடமை மட்டுமே என்பதால், குறிப்பிட்ட ஒரு குடும்பம் அதைக் காட்டி உதவியை உரிமையாகக் கோருவது கடினம். விசாரணையையோ எந்த மன்றமும் தட்டிக்கழிக்க முடியாது. பணம் வற்றும்போது எது முதலில் வெட்டுப்படும் என்பது இந்த வேறுபாட்டிலேயே அடங்கியிருந்தது.

2010-க்குப் பின் வந்த சிக்கன நடவடிக்கைகள் அதை நடத்திக்காட்டின. இளங்குழந்தைகளின் பெற்றோருக்காக 1999 முதல் தொடங்கப்பட்ட ஷ்யூர் ஸ்டார்ட் மையங்கள் ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 3,600 வரை பெருகியிருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் அவற்றில் பல நூறு மூடப்பட்டன அல்லது பெயரளவுக்குச் சுருங்கின. அம்மையங்களின் அருகே வளர்ந்த ஏழைக் குழந்தைகள் பதினாறு வயதுத் தேர்வில் கூடுதல் தேர்ச்சி பெற்றதை, லண்டனின் இன்ஸ்டிட்யூட் ஃபார் ஃபிஸ்கல் ஸ்டடீஸ் 2024-இல் காட்டியபோது, பல ஊர்களில் மையங்களே இல்லை. இதே காலத்தில், 2010-இல் ஏறத்தாழ 64,000 ஆக இருந்த பராமரிப்பிலுள்ள குழந்தைகளின் எண்ணிக்கை 2023-இல் 83,000-ஐத் தாண்டியது.

மாற்றம் நிதியோடு நிற்கவில்லை. பணியாளரின் பார்வைக்குள்ளும் அது நுழைந்தது. 2000-இல் அரசு வெளியிட்ட மதிப்பீட்டுச் சட்டகம் ஒரு முக்கோணமாக வரையப்பட்டிருந்தது. ஒரு பக்கம் குழந்தையின் வளர்ச்சி, மறுபக்கம் பெற்றோரின் திறன், அடிப்பக்கத்தில் வீடு, வருமானம், வேலை, உறவு, அக்கம்பக்கம். மூன்றும் சம எடை கொண்டவை என்பதே அதன் நோக்கம். நடைமுறையிலோ பெற்றோரின் திறனைப் பற்றிய பத்திகள் நீண்டுகொண்டே போக, அடிப்பக்கம் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. ஈரம் ஊறும் வாடகை அறையும் குறைக்கப்பட்ட உதவித்தொகையும் கோப்பில் இடம்பெறுவதில்லை. அவற்றின் விளைவுகள் மட்டும் தாயின் ‘புறக்கணிப்பு’ என்று பதிவாகின்றன. மிக வறிய பகுதிகளின் குழந்தை, மிக வசதியான பகுதிகளின் குழந்தையைவிடப் பத்து மடங்குக்கு மேல் பராமரிப்புக்குச் செல்லும் வாய்ப்புடையது என்று பால் பைவாட்டர்ஸும் சக ஆய்வாளர்களும் நிறுவியபின், இதைத் தனித்தனித் தாய்மாரின் தவறாக எழுதிச்செல்வது அறிவுக்கும் அறத்துக்கும் பொருந்தாது.

இதற்கு 2010-க்குப் பிந்தைய கன்சர்வேட்டிவ் தலைமையிலான ஆட்சிகளை மட்டும் பொறுப்பாக்கிவிட முடியாது. அதற்கு முந்தைய தொழிற்கட்சி ஆட்சியில் புகுத்தப்பட்ட கணினி முறைமை, முதல்கட்ட மதிப்பீட்டை ஏழு வேலைநாளிலும் முழு மதிப்பீட்டை முப்பத்தைந்து வேலைநாளிலும் முடிக்கச் சொல்லி, காலக்கெடு தவறுவதையே பணியின் தோல்வியாக்கியது. பணியாளர் திரைமுன் அமர்ந்து கட்டங்களை நிரப்புவதில் குடும்பங்களோடு செலவிட வேண்டிய நேரம் கரைகிறது என்று ஐலீன் மன்ரோ 2011-இல் அரசுக்கு அளித்த அறிக்கை எச்சரித்தது. ஆயினும் 2012-இல் தொடங்கிய ‘தொல்லைக்குள்ளான குடும்பங்கள்’ திட்டம் 1,20,000 குடும்பங்களை இலக்காக வைத்து, ஒரு குடும்பம் ‘திருந்தியதாக’ மன்றம் கணக்குக் காட்டினால் 4,000 பவுண்டு வரை தருவதாக வகுக்கப்பட்டது. 2015-இல் 99 விழுக்காடு வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வெளியான அரசின் சொந்த மதிப்பாய்வோ குறிப்பிடத்தக்க விளைவு எதையும் காணவில்லை. வெற்றியைக் கணக்குக் காட்டுவதற்கே பணம் என்றால், கணக்குதான் கிடைக்கும்.

பிரித்தெடுக்கப்பட்ட குழந்தை இல்லம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டால், அது இன்று பெரும்பாலும் தனியார் இல்லமே. மன்றங்கள் தம் இல்லங்களை மூடிவிட்டு இடங்களை வெளியே வாங்கத் தொடங்கியபின், தனியார் பங்கு முதலீட்டு நிறுவனங்கள், அதாவது நிறுவனங்களைப் பெரும்பாலும் கடன்பணத்தில் வாங்கி இலாபத்துக்கு விற்கும் நிதி அமைப்புகள், இத்துறைக்குள் வந்தன. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2022-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெரிய நிறுவனங்களின் இல்லங்களில் ஓர் இடத்துக்கு வாரம் சராசரியாக 3,830 பவுண்டு வாங்கப்பட்டது. அதில் செயல்பாட்டு இலாபம் 22.6 விழுக்காடு. வீட்டு விலை குறைந்த வடமேற்கில் இல்லங்கள் குவிந்திருப்பதால், லண்டன் குழந்தைகள் பள்ளியும் பாட்டியும் தோழரும் எட்டாத தொலைவுக்கு அனுப்பப்படுகின்றனர். வாடகைப் பாக்கி தீர்க்க 17-ஆம் பிரிவின்கீழ் சில நூறு பவுண்டு கேட்கும் குடும்பம் மேலதிகாரியின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் அதே மன்றத்தில், இத்தகைய கட்டணம் வாரந்தோறும் செலுத்தப்படுகிறது. பராமரிப்பிலுள்ள குழந்தைக்கு இடம் தருவதைச் சட்டம் கட்டாயமாக்குகிறது என்பதே காரணம்.

வேல்ஸ் 2025-இல் இயற்றிய சட்டம் குழந்தைப் பராமரிப்பில் இலாபம் ஈட்டுவதைப் படிப்படியாக அகற்றுகிறது. இங்கிலாந்தில் 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதா, தேவைப்பட்டால் இலாபத்துக்கு உச்சவரம்பு விதிக்கும் அதிகாரத்தை அமைச்சரிடம் தர முன்வந்தது. இரண்டில் வேல்ஸின் வழியே நேர்மையானது. ஆனால் இலாபம் பற்றிய இவ்விரு ஏற்பாடுகளுமே குழந்தை வீட்டைவிட்டு வெளியேறிய பிறகான செலவைப் பற்றியவை. 17-ஆம் பிரிவை நீதிமன்றத்தில் கோரத்தக்க உரிமையாக்கி, அதற்கென வேறெதற்கும் திருப்ப முடியாத நிதியை ஒதுக்கினால் மட்டுமே, பணியாளர் குடும்பத்தின் வாசலில் நிற்கும்போது அவரிடம் விசாரணைப் படிவத்தைத் தவிர வேறு ஏதாவது இருக்கும்.