மரம் நட்டவர் பலனை உண்ணட்டும்

புதுநன்மை விழா, பங்குத் திருவிழா, உலகச் சுற்றுச்சூழல் நாள் என்று எந்த நிகழ்ச்சி வந்தாலும் மரக்கன்று கொடுப்பது இப்போது நம் பங்குகளில் நல்ல வழக்கமாகிவிட்டது. 2015ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ், படைப்பைப் பேணுவது பற்றிய ‘லவ்தாத்தோ சீ’ திருமடலை வெளியிட்டார். செப்டம்பர் முதல் நாளைப் படைப்புக்காக மன்றாடும் நாளாகவும் அறிவித்தார். அதன்பின் இந்த ஆர்வம் இன்னும் வளர்ந்திருக்கிறது. இது மகிழ்ச்சிக்குரியது.

ஆனால் ஆலய வளாகத்தில் பத்துக் கன்று நடுவதோடு நம் கடமை முடிந்துவிடுமா? நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடும் மரமுமாக இருக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை சொல்கிறது. அதே 33 விழுக்காட்டை இலக்காக வைத்து, 2022 செப்டம்பரில் தமிழக அரசு பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியது. அரசுக் காடுகளில் மட்டும் நட்டு இந்த இலக்கை எட்ட முடியாது. உழவர்களின் வயல்களிலும் வரப்புகளிலும் மானாவாரிப் புன்செய்களிலும் மரம் வளர வேண்டும். அப்படியானால் அந்த உழவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நட்ட மரத்தால் அவர் வீட்டு அடுப்பு எரியுமா?

சிறு உழவரின் கணக்கு

2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 86 விழுக்காடு நில உடைமைகள் இரண்டு ஹெக்டேருக்கும் குறைவானவை. தமிழ்நாட்டில் சராசரி உடைமை முக்கால் ஹெக்டேர்தான். அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்தச் சிறு நிலத்திலிருந்துதான் சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு, மருந்து, கூட்டுறவுச் சங்கக் கடன் எல்லாம் நடக்க வேண்டும்.

நெல்லுக்காவது அரசு விலை உண்டு. 2025-26ஆம் பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் அறிவித்தது. தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்ந்து அது 2,500 ரூபாய் ஆனது. ஆயினும் 2025 அக்டோபரில் என்ன நடந்தது? குறுவை அறுவடையான நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. டெல்டா மாவட்டங்களில் கொள்முதல் நிலைய வாசலில் குவித்த நெல் நனைந்து முளைவிட்டது. ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி ஒரு பக்கம், வானம் மறுபக்கம். இடையில் நின்றவர் உழவர். விலையை அறிவித்தால் மட்டும் போதாது, அது அவர் கைக்கு வந்து சேரவும் வேண்டும் என்பதை அந்த நாள்கள் நமக்குக் காட்டின.

இந்த நிலையில், ஆள் கூலியும் தண்ணீர்த் தட்டுப்பாடும் நெருக்கும்போது, “கொஞ்சம் நிலத்திலாவது மரம் வைக்கலாமா?” என்று பலரும் யோசிக்கிறார்கள். வேரும் உதிரும் இலையும் மண்ணைக் காக்கும். நிழல் கால்நடைக்கு உதவும். ஒரு பயிர் பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். ஆனால் சவுக்கு வெட்டுக்கு வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். மலைவேம்பு ஆறேழு ஆண்டுகள் கேட்கும். தேக்குக்கும் சந்தனத்துக்கும் அதைவிடப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வங்கியோ ஆண்டுதோறும் கடனைக் கேட்கிறது. மரம் வளரும் வேகத்துக்கும் கடன் வளரும் வேகத்துக்கும் பொருத்தமே இல்லை.

இடையில் புயல் வந்தால் நிலைமை இன்னும் கொடிது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. விழுந்த மரத்துக்கு இழப்பீடாகவும் அதை வெட்டி அகற்றும் செலவாகவும் சேர்த்து மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. பிள்ளையைப் போல் வளர்த்துப் பல ஆண்டுகள் காய்த்த ஒரு தென்னை குடும்பத்துக்கு என்ன தந்தது என்பதை அறிந்தவர்கள் அந்தத் தொகையின் சிறுமையையும் அறிவார்கள்.

சந்தன மரம் சொல்லும் பாடம்

அரசின் கொள்கை ஒரு மரத்தை வாழவைக்கவும் முடியும், அழிக்கவும் முடியும். இதற்குச் சந்தனமே சாட்சி. 1792இல் திப்பு சுல்தான் மைசூர் நாட்டில் சந்தனத்தை அரசுக்கு உரிய மரமாக்கினார். ஆட்சிகள் மாறியும் அந்த எண்ணம் மாறவில்லை. நம் மாநிலத்திலும் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரம்கூட அரசின் சொத்தாகவே கருதப்பட்டது. மரத்தைத் திருடன் வெட்டிச் சென்றாலும் நிலத்துக்காரர் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். பலன் ஒருவருக்கு, பயம் மற்றொருவருக்கு! இப்படி இருந்தால் வேலியோரம் தலைகாட்டிய சந்தனக் கன்றை ஒருவர் ஏன் வளரவிடுவார்? பிடுங்கி எறிவதே நிம்மதி என்று நினைத்தவர்கள் பலர். காடுகளில் நடந்த கடத்தலும் சேர்ந்துகொள்ள, 1998இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சந்தனத்தை அழியும் அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய இனமாகப் பட்டியலிட்டது. காப்பதற்கென்று வந்த சட்டத்தால் மரத்தைக் காக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் 2002இல் சட்டம் திருத்தப்பட்டது. பட்டா நிலத்துச் சந்தன மரம் நிலத்துக்காரருக்கே சொந்தம் என்றானது. 2008இல் இதற்கான விதிகளும் வந்தன. வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகவே நடக்க வேண்டும் என்றாலும், ‘இது என் மரம்’ என்று உழவர் சொல்ல வழி பிறந்தது. அதேபோல், மூங்கிலை மரமாகக் கருதிய இந்திய வனச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் அந்தக் கட்டிலிருந்து விடுபட்டது. 2014இல் இந்தியா வேளாண் காடு வளர்ப்புக்கென்றே ஒரு தேசியக் கொள்கையை வெளியிட்டது. விளைநிலத்து மரங்களை வெட்டும் நடைமுறையை எளிதாக்க 2025 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாநிலங்களுக்கு மாதிரி விதிகளை அனுப்பியது. தமிழக வேளாண் துறையும் 2021-22 முதல் உழவர்களுக்கு மரக்கன்றுகளை இலவசமாகக் கொடுத்து வருகிறது. திசை சரியானதே. ஆனால் தாளில் எளிதான விதி, தாலுகா அலுவலகத்திலும் சோதனைச் சாவடியிலும் எளிதாகும்போதுதான் உழவர் நம்புவார்.

விவிலியமும் திருச்சபையும்

நட்டவர் பலனை உண்ண வேண்டும் என்பது விவிலியத்தின் நெடுநாளைய அக்கறை. திராட்சைத் தோட்டம் போட்டு இன்னும் அதன் பலனைக் காணாதவரைப் போருக்கு அழைத்துச் செல்லாமல் வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறது இணைச்சட்டம் (20:6). நாட்டின் போரைவிட நட்டவரின் உரிமை அங்கே முன்னே நிற்கிறது! புதிதாக நட்ட கனிமரத்துக்கு நான்கு ஆண்டு பொறுத்திருந்து, ஐந்தாம் ஆண்டில் பலனை உண்ணலாம் என்கிறது லேவியர் நூல் (19:23-25). பொறுமையும் பலனும் ஒரே சட்டத்தில் இணைந்திருக்கின்றன. ஒருவர் நட மற்றொருவர் உண்ணும் நிலை ஒழிந்துபோவதையே புதிய வானகம், புதிய வையகத்தின் அடையாளமாக எசாயா காண்கிறார் (65:21-22).

திருத்தந்தை புனித இருபத்துமூன்றாம் யோவான் 1961இல் வெளியிட்ட ‘மாத்தர் எத் மாஜிஸ்த்ரா’ திருமடலில், உழவரின் வருமானம் மெதுவாக வருவது, ஆபத்து மிகுந்தது என்பதை அரசுகள் உணர வேண்டும் என்று கேட்டார். வரி, கடன், காப்பீடு, விலைப் பாதுகாப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார். சிறு உற்பத்தியாளர்களைத் தெளிவான நடவடிக்கைகளால் ஆதரிக்கும் உரிமையும் கடமையும் அரசுகளுக்கு உண்டு என்று ‘லவ்தாத்தோ சீ’ 129ஆம் எண்ணில் திருத்தந்தை பிரான்சிஸ் நினைவூட்டினார். எனவே உழவருக்கு இலாபம் கிடைக்க வேண்டும் என்று பேசுவது பேராசை அல்ல. அது நீதியின் ஒரு பகுதி.

கவனிக்க வேண்டியவை

அதே வேளையில் எல்லா மரமும் எல்லா இடத்துக்கும் நல்லது என்று நாம் சொல்லவில்லை. ஊர் முழுவதும் தைல மரமாக நட்டு நிலத்தடி நீரைக் குறைத்துக்கொள்வது படைப்பைப் பேணுவது ஆகாது. மலைப் பகுதி மரங்களுக்கென்று 1955இல் வந்த பாதுகாப்புச் சட்டம் தளரவும் கூடாது. காட்டு மரம் தோட்டத்து மரம் என்ற பெயரில் லாரி ஏறும் ஆபத்து உண்மையானது.

மற்றொரு கேள்வி நம்மை இன்னும் உறுத்துகிறது. நடவும் களையெடுப்பும் இல்லாத மரத்தோப்பில் நிலமற்ற கூலித் தொழிலாளருக்கு வேலை ஏது? நம் பங்கு மக்களில் பலர் அவர்கள்தாம். எனவே வயலை முழுவதும் மரமாக்காமல், வரப்பிலும் ஊடுபயிராகவும் மரம் வைப்பதே நம் சூழலுக்குப் பொருத்தம். பட்டா இல்லாத குத்தகைதாரரையும் திட்டங்கள் எட்ட வேண்டும். அடுத்த ஆண்டு இந்த நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவர் பத்தாண்டு மரத்தை எப்படி நடுவார்?

இக்கேள்வியை அரசிடம் கேட்குமுன் நம்மிடமே கேட்போம். நம் பங்குகளுக்கும் நிறுவனங்களுக்கும் நிலங்கள் இருக்கின்றன. அவற்றை ஆண்டுக்கு ஆண்டு ஏலம் விட்டு, கூடுதலாகக் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டு, ஞாயிறு மறையுரையில் மரம் நடச் சொன்னால் நம் சொல் எடுபடுமா? நீண்ட காலக் குத்தகை, நட்ட மரத்தில் குத்தகைதாரருக்கு எழுத்து மூலமான பங்கு என்று நாம் தொடங்கிக் காட்டலாம். இதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை, மனத் திருத்தமே தேவை.

நாம் கேட்போம், செய்வோம்

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. தன் நிலத்தில் நட்ட மரத்தைப் பதிவு செய்தவர் அலைச்சலின்றி வெட்டி விற்க வழி வேண்டும். மரம் விளையும் வரை பொறுத்திருக்கும் கடனும், சிறு உழவருக்குக் கட்டுப்படியாகும் காப்பீடும் வேண்டும். அறுவடை நாளில் தயாராக இருக்கும் கொள்முதல் நிலையங்களும், நெல்லை நனையவிடாத கூரையும் வேண்டும். புகலூர்க் காகித ஆலை போன்றவை கன்று கொடுத்து மரத்தைத் திரும்ப வாங்கும் திட்டங்களில், விலை உழவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். பங்குப் பேரவையும் அன்பியங்களும் கிராமசபைக் கூட்டங்களில் இவற்றை முன்வைக்கலாம். ஊரில் மரம் வளர்த்துப் பலன் கண்டவர்களை மன்றத்துக்கு அழைத்துப் பேசச் செய்யலாம். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியின் ஆலோசனையையும் நாடலாம்.

அடுத்த முறை ஆலய வாசலில் ஒரு கன்றைக் கையில் கொடுக்கும்போது, “இதை எங்கே நடப் போகிறீர்கள்? இது வளர்ந்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும்?” என்று கேட்டுப் பார்ப்போம். அந்தப் பதிலுக்குக் காது கொடுப்பதே படைப்பைப் பேணுவதன் முதல் படி. விதைத்தவருக்கு விளைச்சலைத் தரும் இறைவன், நட்ட கைகள் வெறுங்கைகளாகத் திரும்பாதபடி உழைக்கும் மனத்தை நமக்குத் தருவாராக.