ஜோடி தேடிப் போன பிள்ளை

அவுஸ்திரேலியாவில் ஒரு பையன் இருந்தான், அவனோடு சேர்ந்து ஆடப் பெண் பிள்ளை இல்லை. ரஷ்யாவில் பெண் பிள்ளைகள் ஏராளம், அவர்களைத் தூக்கிப் பிடிக்கப் பையன்கள் போதவில்லை. ஐஸ் தளத்தில் இருவராக ஆடும் ஜோடி ஸ்கேட்டிங்கில் இது பழைய சிக்கல். ஓட்டக்காரன் தனியாக ஓடலாம். இங்கே ஆள் கிடைக்காவிட்டால் திறமையைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டியதுதான்.

பையன் ஹார்லி வின்சர். சிட்னியின் மேற்குப் புறத்தில் வளர்ந்த பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளை. சின்ன வயதில் ஒருநாள் அவன் அம்மா வழி தவறிக் காரை ஓட்டிப்போய் ஓர் ஐஸ் தளத்துக்கு முன்னால் நின்றாராம். பையன் அங்கேயே ஒட்டிக்கொண்டான். அவனுக்குப் பயிற்சி கொடுத்த தம்பதி ரஷ்யர்கள். அவர்கள் மொஸ்கோவில் நீனா மோசரின் பயிற்சிக் குழுவில் விசாரிக்க, எகடெரினா அலெக்ஸாண்ட்ரோவ்ஸ்கயா கிடைத்தாள். செல்லமாகக் காட்யா. 2000 ஜனவரி 1 அன்று பிறந்தவள், ஜோடி சேர்ந்தபோது பதினாறைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு எல்லாம் வேகம். 2017 மார்ச்சில் தாய்பேயில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் தங்கம். அந்த டிசம்பரில் ஜப்பானின் நகோயாவில் ஜூனியர் கிராண்ட் பிரி இறுதிப் போட்டியிலும் தங்கம். ஒலிம்பிக்கில் ஆட இருவருக்கும் ஒரே நாட்டுக் குடியுரிமை வேண்டும். காட்யா அவுஸ்திரேலியப் பிரஜையானாள். 2018 பெப்ரவரியில் தென்கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக்கில் இருவரும் இறங்கினார்கள். முதல் சுற்றோடு 18ஆம் இடத்தில் நின்றுபோனாலும், குளிர்கால ஒலிம்பிக்கில் ஆடிய முதல் அவுஸ்திரேலியப் பழங்குடி வீரர் என்ற பெயர் ஹார்லிக்கு நிலைத்துவிட்டது.

இந்த ஆட்டத்தில் பெண் செய்வது என்னவென்று தெரிந்தால்தான் மீதி விளங்கும். பையன் அவளைத் தலைக்கு மேல் எறிவான். அவள் காற்றில் மூன்று சுற்றுச் சுற்றி அவன் கைக்குத் திரும்பி வருவாள். இன்னொன்றில் அவளை வீசிவிடுவான். அவள் தூரத்தில் ஒற்றைக் காலில், பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே இறங்க வேண்டும். மரணச் சுழல் என்றே பெயர் வைத்த ஒன்றில் அவள் தலைமுடி ஐஸை உரசும். தலைக்கவசம் கிடையாது. தூக்குகிறவனுக்கு உடல் முற்றியிருக்க வேண்டும், தூக்கப்படுகிறவள் சின்னவளாக, எடை குறைந்தவளாக இருக்க வேண்டும். ஜூனியர் பிரிவில் பெண்ணுக்கு 13 வயது போதும், பையனுக்கோ இருபது தாண்டியும் இடம் உண்டு. சோவியத் காலத்து கோர்தீவா, கிரின்கோவ் ஜோடி 1985ஆம் ஆண்டுக்கான ஜூனியர் உலகப் பட்டம் வென்றபோது அவளுக்கு 13, அவனுக்கு 17. அவர்கள் பிறகு இரண்டு ஒலிம்பிக் தங்கம் எடுத்தார்கள், கல்யாணமும் செய்துகொண்டார்கள். அந்தக் கதையைத்தான் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

காட்யாவின் கதை அப்படி நீளவில்லை. 2020 ஜனவரியில் அவளுக்கு வலிப்பு வந்தது. வைத்தியர்கள் வலிப்பு நோய் என்றார்கள். பெப்ரவரியில் ஆட்டத்தை விட்டாள். ஜூலை 18ஆம் திகதி மொஸ்கோவில் இறந்துபோனாள். வயது 20.

எங்கள் நமுனுகுல மலையில் ஐஸ் தளம் ஏது? 2,036 மீற்றர் உச்சியிலும் எங்களுக்கு வாய்த்தது மூடுபனிதான். இருந்தும் இந்தக் கதையின் நடுப்பகுதி எங்கள் தோட்ட லயங்களுக்குப் புதிதில்லை. ஓரிடத்தில் ஆள் தேவை, இன்னோரிடத்தில் பிள்ளை இருக்கிறது, நடுவில் ஒருவர் வந்து நல்லபடி பேசுகிறார். பதுளையில் பஸ் ஏறிக் கொழும்பு வீடுகளுக்குப் போனதும், ஏஜென்சிக்காரன் பேச்சில் குவைத்துக்குப் போனதும் அப்படித்தான். காட்யா போனது பதக்கத்துக்கு, எங்கள் பிள்ளைகள் போனது சோற்றுக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். அனுப்புகிறவர்கள் கேட்க மறக்கிற கேள்விகள் மட்டும் இரண்டிலும் ஒன்றே.

போன கிழமை பசறைப் பக்கத்து அப்பா ஒருவர் இப்படி ஓர் அழைப்பைத்தான் கொண்டுவந்தார். மகளுக்குப் பதினான்கு வயது, நன்றாக ஓடுகிறாள். "பெரிய ஸ்கூல்ல எடுக்கிறாங்களாம் அண்ணே, ஹாஸ்டலும் குடுக்கிறாங்களாம். இந்த வருசம் விட்டா பொறகு கெடைக்காதுங்கிறாங்க. அனுப்பலாமா?" என்றார். நான் உடனே பதில் சொல்லவில்லை. இந்தப் பத்திதான் பதில்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நம்ப எனக்குத் தைரியமில்லை. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஸ்கேட்டிங் ஆடிய 15 வயது ரஷ்யச் சிறுமி கமிலா வலியேவா ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கி, உலகமே பார்த்திருக்க விழுந்து விழுந்து எழும்பினாள். அதே ஆண்டு சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் பெரியவர்கள் போட்டிக்கான வயதை 15இலிருந்து படிப்படியாக 17 ஆக்க முடிவெடுத்தது. நல்ல முடிவுதான். ஆனால் ஒலிம்பிக்கில் ஆடும்போது காட்யாவுக்கு 18. அந்த விதி அவளுக்கு ஒன்றும் செய்திருக்காது. தன் தாய்மொழி பேசாத அவுஸ்திரேலியாவுக்கு அவள் பெட்டி கட்டியது ஜூனியராக இருந்தபோது. நம் நாட்டிலும் 2021இல் வேலைக்குச் சேர்க்கும் வயதை 14இலிருந்து 16 ஆக்கினார்கள். அதே வருடம் ஜூலையில், கொழும்பில் வீட்டு வேலைக்கு நின்ற மலையகத்துப் பிள்ளை ஒன்று தீக்காயங்களோடு இறந்தபோது தோட்டம் தோட்டமாகத் தெருவில் நின்றோமே, அவளுக்கும் வயது 16தான். வயதெல்லை வாசலில் நிற்கும் காவல்காரன், அறைக்குள் நடப்பது அவனுக்குத் தெரியாது.

"இந்த வருசம் விட்டால் போச்சு" என்பது எனக்குப் பிடிக்காத பேச்சு. அமெரிக்காவில் டியானா ஸ்டெல்லாட்டோ என்ற பெண் 2000இல் உலக ஜூனியர் தனிநபர் போட்டியில் வெள்ளி வாங்கினார், அடுத்த வருடமே இடுப்புக் காயங்களால் விலகினார். பதினைந்து வருடங்கள் ஐஸ் பக்கமே வரவில்லை. 2016இல் திரும்பி வந்து ஜோடி ஆட்டத்துக்கு மாறினார். 2024இல் மொன்றியலில் மக்சிம் டெஷாமோடு கனடாவுக்காக உலக சம்பியன் ஆனபோது வயது 40. எல்லாருக்கும் அப்படி அமையாதுதான். ஆனாலும் அவசரப்படுத்துகிறவர்களிடம் சொல்ல இந்த ஓர் ஆள் போதும்.

அதனால் தம்பி, அனுப்புங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பாடசாலைக்கு மகளோடு நீங்களும் மனைவியும் நேரில் போங்கள், ஒருநாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை. காலில் அடிபட்டால் ஓட வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு, காய்ச்சல் வந்தால் உங்களுக்கு எத்தனை மணித்தியாலத்தில் போன் வரும், ஓட முடியாமல் போனாலும் ஹாஸ்டலும் படிப்பும் தொடருமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மாட்டோம் என்றால் மகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் பதுளைக்கு வந்துவிடுங்கள்.