கைக்கு வேலை, கண்ணுக்குத் திரை

"போர்க்கருவிகளின் ஏற்றுமதிச் சட்டம் என்பது அமைச்சுகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் உரிய செய்தி, தமிழாசிரியருக்கும் தமிழ் மாணவருக்கும் அதில் என்ன வேலை?" என்று கேட்பவர் உளர். அவர்களைக் கல்லாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது. குறளுக்குப் புத்துரை காண்பவர்களும், வெண்பாவில் தளை தட்டினால் துடித்துப் போகிறவர்களும் அவர்களுள் அடங்குவர். ஆயினும் மலாக்கா மாநிலத்தில் வாழ்ந்துகொண்டு இக்கேள்வியைக் கேட்பது, தன் பாட்டன் பார்த்த வேலை இன்னதென்று அறியாமல் பேசுவதாகும்.

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிக நோக்கோடு எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் என்று வரலாறு அதனைக் குறிக்கிறது. அதன்பின் புக்கிட் அசகானிலும் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களிலும் காடுகள் அழிந்து பால்மரங்கள் நின்றன. அம்மரங்களோடு தமிழனும் வந்து நின்றான். விடியுமுன் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து நிறுவைக்குக் கொண்டுபோய் ஊற்றினான். அந்தப் பால் அதற்குப் பின் எங்கே போகிறது என்று கங்காணியும் சொல்லவில்லை, கிராணியும் சொல்லவில்லை. அது பந்தாகவும் காலணியாகவும் ஆயிற்று; படைலாரியின் சக்கரமாகவும், போர் விமானத்தின் சக்கரமாகவும், நச்சுப்புகை முகமூடியாகவும் ஆயிற்று. இன்று சட்டப் புத்தகங்களில் 'இருபயன் பொருள்' என்று ஒரு சொல் வழங்குகிறதே, அஃதாவது அமைதிக்கும் போருக்கும் ஒருசேரப் பயன்படும் பொருள், அதனை இச்சொல் பிறக்கு முன்பே தமிழ்த் தொழிலாளி தன் வாளியில் சுமந்தான்.

இது உவமைக்காகச் சொல்லப்படுவதன்று. கொரியப் போர் மூண்டிருந்தபோது, 1951 மே மாதம் 18ஆம் நாள், ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சீனாவுக்குப் போர்க்கருவிகளும் போருக்கு உதவும் பொருள்களும் செல்லக்கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதே மாதத்தில் மலாயா ரப்பரும் சிங்கப்பூர் ரப்பரும் சீனாவுக்குப் போவதைப் பிரிட்டன் நிறுத்தியது. 1956இல்தான் அத்தடை தளர்ந்தது. தீர்மானம் நியூயார்க்கில் எழுதப்பட்டது. ஆணை இலண்டனில் பிறந்தது. மலாயாவுக்கு அன்று அந்தச் சபையில் நாற்காலி இல்லை, 1957இல்தான் கிடைத்தது. இலங்கையும் அப்போது அச்சபையில் உறுப்பினர் அன்று. அந்நிலையில் அது 1952இல் சீனாவோடு ரப்பருக்கு அரிசி என்று உடன்படிக்கை செய்துகொண்டு தன் வழியில் போயிற்று. ரப்பர் விலையை ஒட்டிக் கூலி ஏறி இறங்கிய காலம் அது. விலை ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்பதை லயத்து மனிதன் எங்கே படித்திருப்பான்? அக்காலத் தோட்ட வாழ்வைப் பாடியவர்கள் அட்டைக்கடியைப் பாடினார்கள், கங்காணியின் கொடுமையைப் பாடினார்கள். அவை பாட வேண்டியவையே. ஆனால் மங்கில் வடிந்த பால் ஒரு போர்ப் பொருள் என்பதைப் பாடுவாரில்லை.

இன்று தோட்டங்கள் சுருங்கின. அவற்றில் பல வீட்டு மனைகளாயின, செம்பனைத் தோட்டங்களாயின. தோட்டத்துப் பிள்ளைகள் பத்து பெரண்டாம், ஆயர் கெரோ, தஞ்சோங் கிளிங் வட்டாரத்து ஆலைகளுக்குப் பேருந்தில் போனார்கள். சீமென்ஸ் நிறுவனம் 1973இல் மலாக்காவில் தொடங்கிய குறைகடத்தி ஆலை இப்போது இன்ஃபினியன் என்ற பெயரில் நடக்கிறது. நேஷனல் செமிகண்டக்டர் 2011இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கைக்கு மாறியது. டுரியான் துங்கலில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், ஆயர் கெரோவை ஒட்டிப் பல்லூடகப் பல்கலைக்கழகமும் எழுந்தன. பேரன் பொறியியல் படிக்கிறான். பேத்தி தூய அறையில் முகக்கவசமும் வெள்ளை அங்கியும் அணிந்து சில்லுகளைச் சோதிக்கிறாள். மங்கு போய்ச் சில்லு வந்தது. பொருள் எங்கே போகிறது என்ற கேள்வி மட்டும் அன்று போலவே இன்றும் கேட்கப்படாமல் கிடக்கிறது.

ஒரு கருவியை எடுத்துக்கொண்டால் செய்தி விளங்கும். 2020இல் கொள்ளைநோய் பரவியபோது பேரங்காடி வாசல்களிலும் விமான நிலையங்களிலும் வெப்பப்படக் கருவிகளை வைத்தார்கள். உடலின் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாக வாங்கி, அதனைப் படமாகக் காட்டுவது அதன் தொழில். புகை மண்டிய வீட்டில் மயங்கிக் கிடக்கும் குழந்தையைத் தீயணைப்பு வீரனுக்கு அது காட்டும்; இருளில் புதரடியில் பதுங்கியிருக்கும் மனிதனைத் துப்பாக்கி ஏந்தியவனுக்கும் அதுவே காட்டும். கருவிக்கு இருவருக்குமிடையே வேறுபாடு தெரியாது. ஆகவே சட்டம் வேறுபாட்டை எண்களில் தேடுகிறது. நொடிக்கு ஒன்பது படங்களுக்கு மேல் காட்டாத கருவி என்றால் கட்டுப்பாடு தளர்கிறது. சுவரில் நீர்க்கசிவைத் தேட ஒன்பது படம் போதும். ஓடுகின்ற இலக்கைக் குறிவைக்கப் போதாது. இரவு நோக்குக் கருவியில் ஒளியைப் பெருக்கும் நுண்துளைத் தட்டு ஒன்று உண்டு. அதன் துளைகளுக்கிடையே உள்ள தொலைவு 12 மைக்ரோமீட்டரோ அதற்குக் குறைவோ ஆனால் அது பட்டியலுக்குள் வந்துவிடும். தலைமயிரின் பருமனைவிடப் பன்மடங்கு சிறிய ஓர் அளவில் ஒரு மனிதனின் குற்றமும் குற்றமின்மையும் தொங்குகின்றன!

இந்தப் பட்டியல் மலேசியாவில் சட்டமான கதை சுவையானது, வெட்கப்படத்தக்கதும் கூட. 2003 அக்டோபரில் பிபிசி சைனா என்ற கப்பல் இத்தாலியின் தாராந்தோ துறைமுகத்துக்குத் திருப்பப்பட்டது. அதில் இருந்த பெட்டகங்களில், லிபியாவுக்கு அனுப்பப்பட்ட, யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழல்கருவியின் உறுப்புகள் அகப்பட்டன. அவை ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் கடைந்தெடுக்கப்பட்டவை. பாகிஸ்தான் அணு விஞ்ஞானி அப்துல் காதிர் கானின் கூட்டத்துக்காக, தாஹிர் என்ற இலங்கை வணிகர் இடைநின்று ஒப்பந்தம் பேசியிருந்தார். மலேசியக் காவல்துறை 2004 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையில் ஒரு செய்தி உண்டு. ஆலையில் ஆலோசகராக அமர்த்தப்பட்டிருந்த சுவிட்சர்லாந்து நாட்டவர் ஒருவர், உறுப்புகள் செய்து முடிந்ததும் வரைபடங்களைத் தவறாமல் திரும்ப வாங்கி வைத்துக்கொள்வாராம். தொழில் மறைபொருளைக் காப்பதற்காக என்று காரணம் சொல்லப்பட்டதாம்.

அந்த ஒரு செய்திக்காகவே அவ்வறிக்கையைத் தமிழாசிரியர் படிக்கலாம். கடைசல் இயந்திரத்தில் நின்றவனின் கை, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் வேலை செய்ய வேண்டும். அவன் கண் மட்டும் வரைபடத்தின் மேல் அதிக நேரம் தங்கக்கூடாது. எண்ணெய் எரிவாயுத் தொழிலுக்கான உறுப்புகள் என்று ஆலையில் எண்ணியிருந்தார்கள். கையை விலைக்கு வாங்கிக் கண்ணுக்குத் திரை போடும் இந்த வித்தை புதியதன்று. பால் வாளியின் காலத்திலிருந்து வருவதுதான்.

ஷா ஆலம் நிகழ்ச்சியின்போது அத்தகைய ஏற்றுமதியைத் தடுக்க மலேசியாவில் தனிச் சட்டம் இல்லை. 2004 ஏப்ரல் 28இல் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு மன்றம் 1540ஆம் தீர்மானத்தால் எல்லா நாடுகளும் இத்தகைய சட்டம் இயற்ற வேண்டும் என்று கட்டளையிட்டது. ஆறு ஆண்டுகள் கழிந்தன. 2010 ஏப்ரலில், வாஷிங்டனில் அணுப் பாதுகாப்பு மாநாடு கூடுவதற்குச் சில நாள்கள் முன்பு, வியூக வாணிகச் சட்டம் மக்களவையில் நிறைவேறியது. 708ஆம் சட்டமாகிய அது 2011இல் நடைமுறைக்கு வந்தது. ஏற்றுமதி மட்டுமன்று, நாட்டின் வழியே கடந்து செல்வதும், கப்பல் மாற்றி ஏற்றுவதும், இடைத்தரகு செய்வதும் அதன் பிடிக்குள் அடங்கும். அதன் பட்டியலில் ஆறாம் பிரிவு முழுவதும் உணரிகளுக்கும் லேசர்களுக்கும் உரியது. 2025 ஜூலையில் அமெரிக்காவில் தோன்றிய உயர்திறன் செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளையும் உரிமமின்றி வெளியே அனுப்பக்கூடாது என்று அறிவித்தார்கள். சட்டத்தின் வலை ஆண்டுதோறும் விரிகிறது.

"இவையெல்லாம் வல்லரசுகளின் சூழ்ச்சி, சிறிய நாடுகள் முன்னேறக் கூடாது என்பதற்காகப் போட்ட வேலி" என்று முழங்குவோர் வேறொரு பக்கம் நிற்கின்றனர். அதில் பாதி உண்மை இருக்கிறது. மேலை நாடுகள் 1949இல் பொதுவுடைமை நாடுகளுக்கு எதிராகக் கோகாம் என்ற குழுவை அமைத்தன. 1994இல் அது கலைந்தது. 1996இல் வாசனார் ஏற்பாடு அதன் இடத்தில் எழுந்தது. 42 நாடுகள் வியன்னாவில் கூடிப் பட்டியல் எழுதுகின்றன. மலேசியா அதில் உறுப்பினர் அன்று. ஆயினும் அங்கே எழுதப்பட்ட பட்டியல் ஐரோப்பாவின் வழியாக வந்து மலேசியச் சட்டத்தில் அமர்ந்துவிட்டது. 1951இல் நியூயார்க்கில் நாற்காலி இல்லை. இன்று வியன்னாவில் இல்லை. இதைக் கண்டு கொதிப்பது நேர்மையே.

மற்றப் பாதியை முழங்குவோர் சொல்வதில்லை. 1998 அணுச் சோதனைக்குப் பின் தொழில்நுட்பம் மறுக்கப்பட்டு வெளியே நின்ற இந்தியா, 2017 டிசம்பரில் அதே வாசனார் ஏற்பாட்டில் சேர்ந்தது. சேர்ந்தபின் வேலியை இடிக்கவில்லை. தானும் ஒரு காவற்காரனாக நின்றது. வேலியே வேண்டாம் என்று சொல்ல எந்த நாட்டுக்கும் மனம் இல்லை, தாஹிர் போன்ற தரகர்கள் உள்ள உலகில் சொல்லவும் கூடாது. வேலியில் சிக்குபவர் யார் என்பதே கேள்வி.

தமிழர் வரலாற்றிலேயே அதற்குச் சான்று உண்டு. 2006 செப்டம்பரில் குவாம் தீவில் விடுதலைப் புலிகளுக்கு ஆயுதம் வாங்க முயன்றதாகச் சிங்கப்பூர், இந்தோனேசியா, இலங்கை நாட்டவர் சிலர் அமெரிக்க அதிகாரிகளிடம் பிடிபட்டனர். அவர்கள் வாங்க முயன்ற பொருள்களில் ஏவுகணைகளோடு இரவு நோக்குக் கருவிகளும் இருந்தன. அவர்களுக்குச் சிறை கிடைத்தது. அதே போரில் இலங்கை விமானப்படை இஸ்ரேலில் செய்த ஆளில்லா வேவு விமானங்களைக் கொண்டு வானிலிருந்து பார்த்தது. அந்தக் கண்கள் உரிமத்தோடு வந்தவை. யார் பக்கம் நீதி என்று இச்சட்டம் கேட்பதில்லை. யார் கையில் உரிமம் என்றுதான் கேட்கும்.

இனி, பெருநிறுவனத்தின் கதையையும் கேட்கலாம். இரவு நோக்குக் கருவி செய்யும் ஐடிடி என்ற அமெரிக்க நிறுவனம், அதன் தொழில்நுட்பச் செய்திகளைச் சீனாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிரிட்டனுக்கும் சட்டத்துக்கு மாறாக அனுப்பியதாக 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தண்டம் 10 கோடி டாலர். அதில் 5 கோடியை இன்னும் சிறந்த இரவு நோக்குக் கருவியை உருவாக்குவதில் செலவிட்டுக் கழித்துக்கொள்ள அந்நிறுவனத்துக்கு வழிவிட்டார்கள்! தோட்டத்தில் ஒட்டுப்பால் திருடியவனுக்கு இப்படிப்பட்ட தண்டனை எந்தத் துரை கொடுத்தான்?

"சட்டத்தை மதித்து நடந்தால் போதும், அறிய வேண்டியதில்லை" என்று மேடையில் அறிவுரை கூறுவோர்தாம் எல்லாரினும் கேடு செய்பவர். அறியாத சட்டத்தை மதிப்பது எங்ஙனம்? பெரிய நிறுவனங்களுக்குச் சட்ட அலுவலர்கள் இருக்கிறார்கள். சரக்குப் பத்திரம் எழுதும் எழுத்தருக்கும், பழைய ஆய்வுக்கருவிகளை வாங்கி விற்கும் சிறுவணிகருக்கும், பட்டயம் பெற்று வேலைக்குப் போகும் இளைஞனுக்கும் யார் இருக்கிறார்கள்? சட்டம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. அமைச்சு தமிழில் தரவில்லை என்று குறை கூறிவிட்டு அமர்ந்துவிடலாம். ஆனால் உணரி, குறைகடத்தி, அகச்சிவப்பு, ஒளியியல் என்று சொற்களைப் படைத்து வைத்திருப்பது தமிழுலகம்தானே? கலைச்சொல் விழாக்களில் அவற்றுக்கு மாலை சூட்டியபின் பெட்டியில் பூட்டி வைப்பானேன்? பிபிசி சைனா பிடிபட்ட அதே 2003இல்தான் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. தமிழாசிரியர்கள் அன்று எழுப்பிய குரல் பெரிது, நியாயமானதும் கூட. அத்திட்டம் பின்னர்க் கைவிடப்பட்டது. தமிழில் அறிவியல் வேண்டும் என்று வாதாடிப் பெற்றவர்கள், அந்த அறிவியல் எந்தச் சட்டத்தின் கீழ் வாழ்கிறது என்பதைத் தமிழில் சொல்ல மறுப்பது என்ன முறை?

மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளி மாணவனுக்கு வெப்பமும் ஒளியும் தமிழில் கற்பிக்கப்படுகின்றன. ஒரே கண்ணாடி வில்லை எப்போது மூக்குக்கண்ணாடி, எப்போது துப்பாக்கிக்கண் என்பதை விளக்க அவ்வாசிரியருக்கு அரைமணி நேரம் போதும். இடைநிலைப்பள்ளித் தமிழ் மாணவனுக்கு இது நல்ல விவாதப் பொருள். "கைப்பேசி நன்மையா தீமையா" என்று ஆண்டுதோறும் வாதாடுவதைவிட மேலானது. எழுத்தாளருக்கோ இது எழுதப்படாத நாவல். பாட்டன் மங்கும், பேத்தி சோதிக்கும் சில்லும் ஒரே வீட்டின் அலமாரியில் இருக்கத்தக்கவை.

அவசரம் எங்கே என்று கேட்பாரும் இருக்கலாம். 708ஆம் சட்டத்தில் பொருள் மட்டும் பொருளன்று, தொழில்நுட்பமும் பொருள். பெட்டகத்தில் ஏற்றினால்தான் ஏற்றுமதி என்றில்லை. கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஒரு கருவியின் வரைபடத்தை வெளிநாட்டுக்கு மின்னஞ்சலில் அனுப்பினாலும் ஏற்றுமதியே. ஷா ஆலமில் வரைபடத்தைத் தொழிலாளியின் கையிலிருந்து திரும்ப வாங்கிவிட்டார்கள். இன்றைய இளைஞனிடமிருந்து யாரும் வாங்குவதில்லை. மலாக்காவில் வேலையை விட்டுச் சிங்கப்பூரில் கூடுதல் சம்பளத்துக்குச் சேரும் அவன் பையில் மடிக்கணினி இருக்கிறது. பழைய ஆலையின் வரைபடங்கள் அதிலிருந்து அழிக்கப்படாமல் கிடக்கலாம். அவன் பேருந்து ஜொகூர் பாலத்தில் காலை ஐந்து மணிக்கே வரிசையில் நின்றுவிடுகிறது.