நகல் மீள்கிறதா?

2022 நவம்பர் 23 அன்று, டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் விவரங்கள் விஷமிகளால் பூட்டப்பட்டிருக்கக் காணப்பட்டன. பல நாட்கள் நோயாளர் பதிவு காகிதத்தில் நடந்தது. தாக்கப்படாத காப்பு சர்வர் ஒன்று இருந்தமையால் ஆஸ்பத்திரிப் பதிவுகள் மீண்டன.

வீட்டுக் கணிப்பொறியில் மதிப்பெண் பட்டியலோ கள ஆய்வுக் குறிப்போ வைத்திருப்போர், காப்புநகல் மென்பொருளை விளம்பரங்கண்டு தேர்வது தவறு. நகலிலிருந்து ஒரு கோப்பினையேனும் வேறொரு கணிப்பொறியில் மீட்டுப் பார்த்த பின்னரே அதனை நம்பலாம். எந்நேரமும் கணிப்பொறியோடு பிணைந்திருக்கும் வெளித்தட்டு, மூலத்தோடு தானும் பூட்டப்படக்கூடும். நகலெடுத்தவுடன் கழற்றிவிடல் வேண்டும். (பலர் கழற்றுவதில்லை.) முந்தைய பிரதிகளையும் மென்பொருள் காத்துவைத்தல் அவசியம், இன்றேல் கெட்ட கோப்பு நல்லதன்மேல் எழுதப்பட்டுவிடும். அம்மென்பொருள் இன்றியும் திறக்கத்தக்க வடிவில் நகல் இருப்பின் இன்னும் நன்று.