வைக்கோலும் மீத்தேனும்

தஞ்சாவூர்க்காரன்கிட்ட மீத்தேன்னு சொன்னாலே மூஞ்சி சிவந்துடும். நியாயம்தான். மன்னார்குடி பக்கம் நிலக்கரிப் படுகையில மீத்தேன் எடுக்கறேன்னு வந்தவங்களை எதிர்த்து ஊர் ஊரா போய்ப் பேசிக்கிட்டிருந்த நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30-ம் தேதி பட்டுக்கோட்டை பக்கத்து அத்திவெட்டியில காலமானார். அப்புறம் 2017-ல நெடுவாசல், 2020-ல பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம்... கதை எல்லாருக்கும் தெரியும்.

நான் சொல்ல வர்றது வேற. அதே மீத்தேன் தரைக்கு மேலயும் கிடக்கு, யாரும் கண்டுக்கறதில்லை. குறுவை வைக்கோலைத்தான் சொல்றேன்.

உமியை விட்டுடுவோம். நெல்லு எடையில கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு உமி. நெல் அவிக்கிற ரைஸ் மில் கொதிகலன்ல பல வருஷமா அதுதான் எரியுது. மாநாடு போடாம, ரிப்பன் வெட்டாம நடக்குற வேலை. (பக்கத்து மாடியில காயப்போட்ட வேட்டி கருப்பாகுறது தனிக்கதை!)

வைக்கோல்தான் சிக்கல். "பஞ்சாப்ல எரிக்கறாங்க, இங்கயும் அதே கதை"னு எழுதறவங்களுக்கு ஒரு கும்பிடு. அங்க நெல்லு அறுத்து ரெண்டு மூணு வாரத்துல கோதுமை விதைக்கணும், அதனால நெருப்பு. இங்க சம்பா அறுக்க ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே நிக்கிற பயிருக்குள்ள உளுந்தைத் தெளிச்சுடுவோம். கொளுத்தினா உளுந்தும் போச்சு. (அறுவடை மெஷின் ஏறி அது நசுங்கறது இன்னொரு வயித்தெரிச்சல்.) தை, மாசி வெயில்ல சம்பா வைக்கோல் காஞ்சதும் மெஷின் வந்து கட்டும், லாரி ஏறி மாட்டுக்குப் போகும்.

குறுவை அப்படி இல்லைங்க. புரட்டாசி, ஐப்பசி மழையில அறுவடை. நனைஞ்ச வைக்கோலை மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும், வியாபாரி எட்டிப் பாக்கமாட்டார். தாளடி நடணுமேன்னு சேத்தோட சேத்தா மிதிச்சு விடறோம். தண்ணி நிக்கிற வயல்ல அது அழுகினா வர்றதும் மீத்தேன்தான், சும்மா காத்துல போகுது.

2022 ஆகஸ்ட்ல பானிபட்ல ஒரு எத்தனால் ஆலை திறந்தாங்க. வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால்னு கணக்கு. இங்கயும் அப்படி ஒண்ணு வேணும்னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடில்லை. வருஷம் பூரா ஓடணும்னா காஞ்ச வைக்கோலை வாங்கிக் குவிச்சு வெக்கணும். அப்ப கை வைக்கிறது சம்பா வைக்கோல்ல, அதாவது மாட்டுத்தீனியில. நிலமில்லாம ஒத்தைப் பசு வெச்சுப் பொழைக்கிற அம்மா ஆலையோட போட்டி போட்டுக் கட்டு வாங்கணுமா? அறுவடை மெஷின் வந்தப்பவே அவங்க கூலி போச்சு. இப்ப வைக்கோலுமா?

ஈர வைக்கோலுக்குச் சாண எரிவாயுக் கலன் போதும். நறுக்கித்தான் போடணும், முழுசாப் போட்டா மேல மிதந்து ஆடை கட்டிக்கும். அதுல கார்பன் ஜாஸ்தி, நைட்ரஜன் கம்மி, அதனால சாணி கலந்தாதான் செரிக்கும். மெதுவாத்தான் வாயு வரும். ஆனா மிச்சக் கரைசல் வயலுக்கே திரும்புதே! நெல்லு மண்ணுலேர்ந்து எடுக்கற பொட்டாஷ்ல பெரும்பகுதி வைக்கோல்லதான் நிக்குது. வைக்கோலை லாரி ஏத்திட்டு, கப்பல்ல வந்த பொட்டாஷை மூட்டை மூட்டையா வாங்கறோம். என்ன கணக்கோ.

மத்திய அரசோட சதத் திட்டம் 2018-ல வந்தது, எரிவாயுவை எண்ணெய் கம்பெனிகளே வாங்கிக்கும். ஆனா அது டன் கணக்குல தயாரிக்கிற முதலாளிக்கு. பத்து வீட்டுக்கு ஒரு கலன், நறுக்கற மெஷின் கூட்டுறவு சங்கத்துல வாடகைக்கு. நான் கேக்கறது இவ்வளவுதான்.

ஒரே உறுத்தல், சேத்துல இறங்கி ஈர வைக்கோலை அள்ளற கூலி. ஒரத்தநாடு, நீடாமங்கலம் பக்கம் குறுவை போடறவங்க, ஏக்கருக்கு எத்தனை ஆள் பிடிக்கும், என்ன கூலி ஆகும்னு பின்னூட்டத்துல சொல்லுங்களேன்.