கம்ப்யூட்டர் நாடி பார்க்குமா?

மத்திய சர்க்கார் 2019-ல் நிறைவேற்றிய தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 15-வது பிரிவில் ‘நெக்ஸ்ட்’ என்றொரு பரீட்சை இருக்கிறது. எம்.பி.பி.எஸ். மாணவர்கள் அனைவருக்கும் நாடு முழுவதும் ஒரே பரீட்சை. 2023 ஜூனில் விதிகள் வெளிவந்தன. மாணவர்கள் எதிர்த்தார்கள், தமிழ்நாடு சர்க்காரும் எதிர்த்தது. ஜூலையில் ஒத்திவைத்தார்கள். ஒத்திவைத்தார்களே தவிர, சட்டத்திலிருந்து எடுத்தெறியவில்லை.

அந்த விதிகளில்தான் சூது இருக்கிறது. முதல் கட்டத்தில் மாணவன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து 540 கேள்விகளுக்கு விடையைத் தட்ட வேண்டும். நோயாளியைப் பார்ப்பது இரண்டாம் கட்டத்தில். மேல்படிப்புக்கு இடம் வாங்கித் தருவது எந்த மார்க்? கம்ப்யூட்டர் மார்க்! நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் பரீட்சைக்கு வெறும் பாஸ், பெயில்தான்.

இதன் பிறகு எந்த மாணவன் வார்டில் நிற்பான்? கோச்சிங் கடைக்கு ஓடுவான். காசுள்ளவன் முந்துவான்; கூலிக்காரன் மகன் பிந்துவான்.

நாற்று நடும் பெண் ஆஸ்பத்திரிக்கு வந்து, “மேலுக்கு முடியலைங்க, கிறுகிறுன்னு வருது” என்கிறாள். அவள் நாலு விடைகளோடு வருவதில்லை. கண் இமையை இழுத்துப் பார்த்து, நாடி பிடித்து, வேளாவேளைக்குச் சாப்பிட்டாளா என்று பக்குவமாகக் கேட்டால்தான் அது ரத்தசோகையா, வேறு நோயா என்ற தடம் கிடைக்கும். வயிற்றில் கை வைத்து மண்ணீரல் வீக்கத்தை உணர்வது விரல் கற்கும் வித்தை. அதை எந்தத் திரை அளக்கும்?

நாம் யந்திரத்துக்கு விரோதிகள் அல்ல. ஏட்டறிவைச் சோதிக்கக் கம்ப்யூட்டர் போதும். உயிருள்ள குழந்தையின் கையில் குத்துமுன் பொம்மைக் கையில் ஊசி போட்டுப் பழகுவது நல்லதே. பழைய வாய்மொழிப் பரீட்சையில் பாரபட்சம் இருந்ததும் நமக்குத் தெரியும். அதற்கு மருந்து, வெளிக் கல்லூரிப் பரீட்சகர்களும் எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் பட்டியலும். நோயாளியை மூலையில் தள்ளுவதல்ல!

“தகுதி, தகுதி” என்று முழங்குகிறார்களே, 2023-ல் மேல்படிப்பு நீட் பரீட்சையில் இடங்கள் காலியாகக் கிடந்தபோது, தகுதி மட்டத்தைப் பூஜ்ய பர்சன்டைலுக்கு இறக்கியவர்கள் யார்? தனியார் கல்லூரி முதலாளியின் கல்லா காலியானால் தகுதி காற்றில் பறக்கும்; ஏழை மாணவன் வாசலில் நின்றால் மட்டும் அது மலையாக எழும்பும்!

15-வது பிரிவை ரத்து செய்! அரசு மருத்துவக் கல்லூரிகளில் காலியாகக் கிடக்கும் ஆசிரியர் இடங்களை உடனே நிரப்பு! படுக்கையருகே நின்று கற்றுத்தர ஆள் இல்லாமல் பரீட்சை மட்டும் எதற்கு?